ஏழாவது புகார்

முதலாளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, அறையின் குளிர் ஏறும். எப்போதும் கையிலேயே வைத்திருக்கும் ஏ.சி. ரிமோட்டை ஒவ்வொரு புள்ளியாக அழுத்திக்கொண்டே பேசுவார். அன்று காலை வாலுவும் மூக்கரும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தபோது அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. விஷயம் பெரிதுதான் என்று வாலு முடிவு கட்டினாள்.

மூக்கர் என்பது அந்தத் துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர். எதையும் மோப்பம் பிடித்துவிடுவதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்திருக்கிற மூக்கால் வந்தது என்பது அவருடைய உதவியாளர் வாலுவின் கட்சி. வாலு பல வருஷம் இணையக் கம்பெனிகளுக்கு வரும் குறைகளைக் கேட்கும் ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில் காதுக்கருவியோடு குப்பை கொட்டியவள். முகம் தெரியாதவர்கள் திட்டத் திட்ட, "உங்க கஷ்டம் புரியுது சார்" என்று சொல்லி அலுத்துப்போய், இனிமேல் யார் திட்டினாலும் நேரில் திட்டட்டும் என்று மூக்கரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

முதலாளியின் தொழில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பது. நகரத்தின் சரிபாதி அவருடைய கம்பியில்தான் படம் பார்த்தது, பாடம் படித்தது, சண்டை போட்டது. அந்தக் கம்பி வழியே சிலர் திருட்டுப் படமும் இறக்கினார்கள். படக் கம்பெனிகள் அதற்கென்றே ஆள் வைத்துக் கண்காணித்தன. யாராவது இறக்கினால் அந்த இணைப்பின் எண் அவர்களுக்குத் தெரிந்துவிடும். எண் தெரியுமே தவிர, அது யாருடைய வீடு என்பது இணைப்புக் கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும். அதனால் அவருக்குப் புகார் அனுப்புவார்கள். திரும்பத் திரும்பத் திருடுகிறவனின் இணைப்பைத் துண்டித்தால் இணைப்புக் கொடுத்தவர்மேல் பழி இல்லை. தெரிந்தும் விட்டுவைத்தால், வாடிக்கையாளரின் திருட்டுக்கு அவரும் கூட்டாளி. சட்டம் அவர் தலைக்குமேல் பிடித்த குடை அவ்வளவுதான்.

முதலாளி அந்தக் குடைக்கு ஏழு கம்பி வைத்திருந்தார். ஒரே வீட்டின்மேல் ஏழு புகார் வந்தால் அன்றைக்கே துண்டிப்பு. படக் கம்பெனிகள் போட்ட வழக்கில், ஏழு புகார் வந்த ஒரு வீட்டைக்கூடத் தாம் விட்டுவைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சத்தியமே செய்திருந்தார். துண்டித்த ஒவ்வொரு வீட்டின் விவரமும் நீதிமன்றம் வழியாக எதிர்த்தரப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று காலை ஏழாவது புகார் வந்திருந்தது அவருடைய வீட்டு இணைப்பின்மேல்.

துண்டித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக் கொண்டாடுவார். துண்டிக்காவிட்டால் சத்தியம் பொய்யாகும், குடை போகும், கம்பெனியே போகும். சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். யாரோ வெளியாள் தன் வீட்டு வைஃபைக்குள் புகுந்து தன்மேல் பழி போடுகிறான் என்பது முதலாளியின் முடிவு. அவன் பெயர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

"போலீஸ் வேண்டாம். அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்றார். "அவன் வீட்டு வாசல்ல நான் போய் நிக்கணும். அவன் பெண்டாட்டி, மாமனார், மாமியார் எல்லாரையும் வெளியே வரவழைச்சு, அவங்க முன்னாடி அவனை நிக்க வைக்கணும். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்."

ரிமோட்டில் இன்னொரு புள்ளி இறங்கியது.

மூக்கர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, முதலாளியைப் பிடிக்காதவர்கள் யார் யார் என்று கேட்டார். முதலாளி சொல்லத் தொடங்கினார். போட்டிக் கம்பெனி, வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள், வழக்குப் போட்டவர்கள், இணைப்பு இழந்தவர்கள், அலுவலகத்துக்கு மாடியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வருத்தப்படுகிறவர் என்று போய்க்கொண்டே இருந்தது.

"பிடிச்சவங்க யாராவது இருந்தா அதைச் சொல்லுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றாள் வாலு.

முதலாளி அவளைப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்தினார்.

புகார்ப் பிரிவு இரண்டு மாடிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில் இருந்தது. அதன் தலைவி ஒல்லியான, நாற்பதைத் தாண்டிய பெண். அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. துண்டிக்கும் பொத்தான் அவள் பொறுப்பில்தான் இருந்தது. யாராவது வீட்டில் திடீரென்று இணையம் நின்றால் "கத்திரி விழுந்துடுச்சு" என்பார்களாம். அந்தப் பெயர் தெரிந்தும் தெரியாதவள் போல இருந்தாள் அவள். மூக்கர் கேட்டதற்கெல்லாம் அளந்து பதில் சொன்னாள். புகார்கள் முறைப்படி வந்தவை, எண்ணைச் சரிபார்த்தாகிவிட்டது, தவறு இல்லை. பொழுது சாய்வதற்குள் தான் துண்டித்தாக வேண்டும் என்பதையும், வானிலை சொல்வது போலச் சொன்னாள்.

வாலு ஏழு புகார்களையும் திரையில் படித்தாள். ஏழும் ஏழு படங்கள். அவற்றில் ஐந்தில் நீர்மூழ்கிக் கப்பல்தான் கதாநாயகன். ஆறாவதில் சாதாரணக் கப்பல், ஆனால் அதுவும் கடைசியில் மூழ்குகிறது. ஏழாவது திமிங்கிலத்தைப் பற்றிய ஆவணப்படம்.

"தண்ணிக்கு மேல தலை தூக்கற எதுவும் இந்த ஆளுக்குப் பிடிக்காது போல," என்றாள்.

மூக்கர் சிரிக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பழி போட வருகிறவன் கைக்கு எது அகப்படுகிறதோ அதை இறக்குவான். நேற்று வெளியான படம், எல்லோரும் தேடுகிற படம், எதுவானாலும் அவனுக்கு ஒன்றுதான். ஏழு தடவையும் தேடிப் பிடித்துத் தண்ணீருக்குள் மூழ்குகிறதையே இறக்குகிறவனுக்கு யார்மேலும் பகை இல்லை. அவனுக்கு இருப்பது ஆசை.

"அப்போ வெளியாள் இல்லையா, பாஸ்?"

"ஆசைப்பட்டு இறக்கினவன் உட்கார்ந்து பார்க்கணும் இல்ல? அதுக்கு ஒரு சோபா வேணும். தெருவுல நின்னு யாராவது ரெண்டரை மணி நேரம் படம் பார்ப்பானா?"

முதலாளியின் வீடு, கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாக, பல் ஆஸ்பத்திரி போலச் சுத்தமாக இருந்தது. இணைப்பைச் சோதிக்க ஆள் வருகிறார்கள் என்று முதலாளி முன்பே சொல்லி வைத்திருந்தார். முதலாளியம்மா கதவைத் திறந்து, செருப்பை எங்கே விட வேண்டும் என்று காட்டிவிட்டு, மாடியில் தன் தம்பி இருப்பதாகவும், அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும், வேலை தேடுவதில் மும்முரமாக இருக்கிறான் என்றும் சொன்னார். எவ்வளவு காலமாகத் தேடுகிறார் என்று வாலு மரியாதையாகக் கேட்டாள். தன் கல்யாணத்துக்கு மறு வருஷம் இங்கே வந்தான் என்றார் அந்த அம்மாள், அதுவே பதில் என்பது போல.

மாடி அறையின் கதவைத் தட்டும்போது வாலு தன் பழைய சேவை மையக் குரலை எடுத்து மாட்டிக்கொண்டாள். தேன் தடவிய, எதற்கும் அசராத குரல் அது.

"வணக்கம் சார், இணைய வேகம் குறையுதுன்னு இந்தப் பகுதியில நிறையப் பேர் சொல்றாங்க. உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

வேகம் குறைகிறது என்று சொல்ல ஒரு காது கிடைத்துவிட்டால், திருடன்கூடத் தானே வந்து சாட்சி சொல்லிவிடுவான் என்பது வாலுவின் பத்து வருஷ அனுபவம். அது பொய்க்கவில்லை. முதலாளியின் மைத்துனர் கதவை அகலத் திறந்து இருவரையும் உட்கார வைத்தார். நாற்பது வயதுக்குக் குழந்தை முகம், கையில்லாத பனியன், விரலில் காய்ந்த பசை. அலமாரி முழுக்க அவரே ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பல்கள் அணிவகுத்திருந்தன. மீன்தொட்டிக்குள்ளும் ஒன்று குடியிருந்தது. பாதி மூழ்கியும் மூழ்காமலும் அது மிதந்துகொண்டிருக்க, மீன்கள் அதைச் சுற்றிப் போயின.

வேகத்தைப் பற்றி அவர் மனம்விட்டுப் பேசினார். போன வாரம் திமிங்கிலப் படம் ஒன்று இறங்குவதற்குள் தான் தூங்கி எழுந்து பல் விளக்கி வந்துவிட்டதாகச் சொன்னார். முன்னெல்லாம் இப்படி இல்லை, அத்தானிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை, சொந்தக் கம்பெனி வைத்திருந்து என்ன புண்ணியம் என்று அலுத்துக்கொண்டார். வாலு அனுதாபத்தோடு தலையாட்டிக்கொண்டே, படங்களை எங்கே சேர்த்து வைப்பார் என்று கேட்டாள். அவர் பெருமையோடு கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார்.

வரிசையாக ஹார்ட் டிஸ்குகள். ஒவ்வொன்றின்மேலும் வருஷம் எழுதிய காகிதத் துண்டு. பின்வரிசையில் இருந்தவற்றைக் கட்டிய ரப்பர் வளையங்கள் உருகி டிஸ்க்கோடு ஒட்டிப்போயிருந்தன. மூக்கர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து தும்மினார், மறுபடி குனிந்து மறுபடி தும்மினார்.

"ரொம்ப வருஷத்துச் சேமிப்பா தம்பி?"

"அக்கா கல்யாணத்துக்கு அப்புறம்தான் சார் நல்ல லைன் கிடைச்சது. அன்னிலேருந்து ஒரு நாள் விட்டதில்ல."

"இப்படி இறக்கறது தப்புன்னு யாரும் சொல்லலியா? கம்பெனியிலேருந்து எச்சரிக்கை, கடிதம், எதாவது?"

அந்தக் குழந்தை முகம் உண்மையாகவே யோசித்தது. "இத்தனை வருஷத்துல ஒரு காக்கா கத்தினதில்ல சார். எங்க அத்தான் கம்பெனிதானே?"

காருக்கு வந்ததும் வாலு சாவியைச் சுழற்றினாள். திருடன் கையும் களவுமாக, அதுவும் தும்மலும் தூசியுமாகச் சிக்கியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் கேஸ் முடிந்த முதல் சந்தர்ப்பம் இது. வழியில் நல்லதாக எதையாவது சாப்பிட்டுவிட்டு, முதலாளியிடம் போய், உங்கள் பகையாளி உங்கள் மாடியில்தான் குடியிருக்கிறான், வாசலில் போய் நிற்க ஆசைப்பட்டீர்களே, மாடிப்படி ஏறினால் போதும் என்று சொல்லிவிடலாம்.

மூக்கர் கண்ணாடி வழியாக அந்த வெள்ளை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடன் கிடைச்சிட்டான். கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அதுக்குள்ள பசிச்சிடுச்சே, பாஸ்."

"அந்த ஆள் தினமும் இறக்கறான். பின்வரிசை டிஸ்க் மேல இருக்கற தூசிக்கு உன் வயசுல பாதி இருக்கும். அத்தனை வருஷமும் ஒரு புகார் வரலை. இந்த மழைக்காலத்துல மட்டும் சரசரன்னு ஏழு. ஏன்?"

படக் கம்பெனிகள் இப்போதுதான் விழித்துக்கொண்டனவோ என்று வாலு சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அது தவறு என்று தெரிந்தது. அவள் சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த நாளிலேயே அந்தப் புகார்கள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. மற்ற வீடுகளுக்கெல்லாம் வந்தபோது இந்த வீட்டுக்கு மட்டும் வராமல் இருந்திருக்க முடியாது. அப்படியானால் வந்திருக்கின்றன. யாரோ ஒருவர் அவற்றை முழுங்கியிருக்கிறார்.

"முழுங்கினவங்க திடீர்னு முழுங்கறதை நிறுத்திட்டாங்க," என்றாள் மெல்ல.

மூக்கர் தலையசைத்தார். முதலாளி தேடச் சொன்னது புதிதாக ஒன்றைச் செய்தவனை. தேட வேண்டியது பழையதை நிறுத்தியவரை. அவளுடைய பழைய கூட்டாளிகள் யாராவது அந்தக் கம்பெனியில் இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒருத்தி இருந்தாள். வாலு போனைப் போட்டாள். உடம்பு எப்படி, சம்பளம் எப்படி, மேலதிகாரி இன்னும் உயிரோடு இருக்கிறானா என்பதையெல்லாம் கடந்து, கத்திரி அக்கா ஏன் அப்படி இறுகிப்போய் இருக்கிறாள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். எதிர்முனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வாலு நெடுநேரம் "ம்" மட்டும் கொட்டினாள். போனை வைத்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

கத்திரிக்கு ஒரு தங்கை. பேச்சு வராத குழந்தைகளுக்குத் திரை வழியே பேசக் கற்றுக்கொடுப்பது அவளுடைய தொழில். புருஷன் அவளுக்குத் தெரியாமல் படம் இறக்கி, ஏழு புகார் சேர்த்துவிட்டான். அந்தத் தெருவில் வேறு கம்பெனியின் கம்பி கிடையாது. ஒரு வாரம் தவணை கொடுங்கள், குழந்தைகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று கத்திரி முதலாளியின் அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். சொந்தக்காரி என்று விட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வது என்றாராம் அவர். வேறு யாராவது துண்டித்தால் அலுவலகத்தில் பேச்சு வரும், நீயே உன் கையால் செய்துவிடு என்றும் சொன்னாராம். செய்தாள். குழந்தைகளின் பெற்றோர் ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இது நடந்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்பு.

திரும்பி வந்தபோது முதலாளியின் அறை இன்னும் குளிர்ந்திருந்தது. மூக்கர் வரும் வழியிலேயே மைத்துனரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, வேகம் கூட்டித்தரப் போகிறார்கள் என்ற எதிர்பார்ப்போடு வந்து உட்கார்ந்திருந்தார். கத்திரியையும் அழைத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

மைத்துனரின் பங்கை மூக்கர் நாலே வாக்கியத்தில் முடித்தார். முதலாளி ரிமோட்டை மேஜைமேல் வைத்தார். வாலு அவரைப் பார்த்தவரை, அவர் அதைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.

"மச்சான்," என்றார். "இதை என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அத்தான், நான் உங்ககிட்ட வேகத்தைப் பத்திச் சொன்னேனே."

யாரும் சிரிக்கவில்லை. வாலு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூக்கர் தன் கேள்வியைக் கேட்டார். அதை முதலாளியிடம் கேட்கவில்லை. "அம்மா, எப்போ நிறுத்தினீங்க?" என்றார் கத்திரியைப் பார்த்து.

அவள் ஒளிக்கவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் வருவதற்காகக் காத்திருந்தவள் போலத்தான் சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. வாடிக்கையாளர் எண் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அது முதலாளியோ கம்பெனியின் மற்றப் பங்குதாரர்களோ இருக்கும் வீடு. அதன்மேல் வரும் புகாரைத் திறக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். பெரியவர்களின் வீட்டுக் கடிதத்தை எப்படிப் பிரிக்காமல் வைப்போமோ அப்படி. முதலாளிக்குச் சொல்வதும் கிடையாது, சொன்னால் அவருக்குச் சங்கடம். அவளும் வருஷக்கணக்கில் அப்படியே ஒதுக்கினாள். இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் முதல் தடவையாகத் திறந்தாள்.

"நான் எதையும் செய்யலை சார்," என்றாள். "எல்லா வீட்டுக்கும் செய்யறதை உங்க வீட்டுக்கும் செஞ்சேன். அவ்வளவுதான்."

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. காலையில் யாரோ ஒருவன் பெண்டாட்டி முன்னால் நடக்க வேண்டும் என்று அவர் விரும்பியதெல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சோறு போட்ட கம்பெனிக்குக் குழி பறித்தவள், நன்றி கெட்டவள், இந்த நிமிஷமே கிளம்பு, வேறு எந்தக் கம்பெனி வாசலிலும் உன்னை ஏறவிடமாட்டேன் என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாலுவுக்குத் தோன்றியது.

மூக்கர் மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகக் குறுக்கிட்டார். இவரை அனுப்பலாம், ஆனால் அனுப்பும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாக அந்த வீட்டின்மேல் வந்த புகார்களை இந்த அலுவலகம்தான் ஒதுக்கியது, அனுப்பியவர்கள் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நகல் படக் கம்பெனிகளிடம் பத்திரமாக இருக்கும். அவர்களிடம் இருப்பது வெறும் எண்கள். அந்த எண் யாருடைய வீடு என்று தெரிந்தால், முதலாளியின் சத்தியம் பொய் என்று ஆகிவிடும். துண்டித்தால் அது நீதிமன்றம் வழியாகத் தெரிந்துவிடும், துண்டிக்காவிட்டாலும் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளைத்தான் நீங்கள் இப்போது வாசல் வரை கொண்டுபோய் விடப் பார்க்கிறீர்கள்.

"இன்னிக்கே துண்டிச்சு, நடந்ததை நீங்களாவே நீதிமன்றத்துல சொல்லிடுங்க. தெரியாம நடந்தது, தெரிஞ்ச அன்னிக்கே என் வீட்டையே துண்டிச்சேன்னு சொன்னா, குடையில ஓட்டை விழும், ஆனா குடை மிஞ்சும். வேற வழி எனக்குத் தெரியலை."

முதலாளி மைத்துனரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கடைசியில் கத்திரியைப் பார்த்தார். இப்போது அவர் குரலில் ஒரு குறை சொல்கிறவனின் பிசிறு இருந்தது.

"வீட்டுல ஒருத்தன் பண்ணினதுக்கு வீட்டையே துண்டிக்கறது என்ன நியாயம்? நான் என்ன பண்ணினேன்?"

"என் தங்கச்சியும் இதையேதான் கேட்டா சார்."

முதலாளி புருவத்தைச் சுருக்கினார். யோசிப்பது தெரிந்தது. நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார், கிடைக்கவில்லை.

"யாரு உன் தங்கச்சி?"

கத்திரியின் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று அணைந்தது. கோபம்கூட இருக்கலாம். அவள் மேஜைமேல் இருந்த முதலாளியின் கணினியைத் தன் பக்கம் திருப்பி, தன் கடவுச்சொல்லைப் போட்டுத் தன் பிரிவின் பக்கத்தைத் திறந்து, அவருடைய வீட்டு எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம் திரையில் ஒளிர்ந்தது.

"இதை நான் செய்யமாட்டேன் சார். வேற யாராவது செஞ்சா பேச்சு வரும். உங்க வீடு, உங்க கையாலயே செஞ்சிடுங்க."

முதலாளி நெடுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை மட்டும், சூடான எதையோ தொடுகிறவர் போல, நீட்டி அழுத்தினார். சிவப்பு சாம்பல் நிறமாயிற்று. சற்று நேரத்தில் மைத்துனரின் பையில் இருந்த போன் அடித்தது. "அக்கா," என்று சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்காமல் அதை அணைத்தார்.

உடனே முதலாளி காரியக்காரராக மாறிவிட்டார். விதியின் கடைசியில் மறுபரிசீலனைக் குழு என்று ஒன்று இருக்கிறதே, துண்டிக்கப்பட்டவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல, அதை இப்போதே கூட்டு, நான்தான் தலைவர், நானே கேட்கிறேன் என்றார். அந்தக் குழுவை அவர் ஒரு நாளும் கூட்டியதில்லை. விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் இதுவரை போய்க்கொண்டிருந்தது. வாலு தன் காலத்தில் அதே பதிலை எத்தனை பேருக்குத் தேன் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

"கூட்டலாம் சார்," என்றாள் கத்திரி. "ஆனா விதிப்படி யார் முதல்ல துண்டிக்கப்பட்டாங்களோ அவங்களை முதல்ல கேட்கணும். ஒவ்வொருத்தரையும் நேர்ல. உங்க மனுவுக்கு நீங்களே தலைவரா உட்கார முடியாது, அதுக்கு வேற ஆள் பார்க்கணும். மத்தவங்களுக்கெல்லாம் நீங்கதான் உட்காரணும். எல்லாரையும் கேட்டு முடிச்சப்புறம் உங்க முறை வரும்."

"எவ்வளவு பேர்?"

"கீழ ஹால்ல நாற்காலி பத்தாது."

முதலாளி மறுபடி ரிமோட்டை எடுக்கவில்லை. இவ்வளவு நாள் அந்த அறைக்கு வெளியே நின்றவர்களின் முகங்கள் இனி ஒவ்வொன்றாக உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்காரும். ஒவ்வொருவருக்கும் அவர் முகம் கொடுக்க வேண்டும். அவர்களை அனுப்பிவிட்டுத் தன் மனைவிக்கும் பதில் சொல்ல வேண்டும். வாலு அதை நினைத்துப் பார்த்தாள். ஒரு மனிதனை வாசலில் நிற்க வைப்பதைவிட இது நீளமான தண்டனை.

மூக்கர் லிஃப்ட்டுக்குப் போய்விட்டார். வாலு மட்டும் இரண்டு மாடி இறங்கி அந்த நீள அறைக்கு வந்தாள். கத்திரி தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழு கூடினா உங்க தங்கச்சிக்கு இணைப்பு திரும்பக் கிடைச்சிடும் இல்லக்கா? ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன்."

"அவளுக்கு இனிமே வேண்டாம். வேற தெருவுக்குப் போயிட்டா, அங்க வேற கம்பெனி. திரும்பவும் குழந்தைங்க வர ஆரம்பிச்சிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "என்கிட்ட அவ பேசறதில்ல. என் நம்பரை எடுக்கறதில்ல."

வாலு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ இதெல்லாம் அவங்களுக்காக இல்லையா?"

"அவளுக்காகன்னா நான் அன்னிக்கே வேலையை விட்டிருக்கணும். அவ காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிருக்கணும். அந்தத் தைரியம் எனக்கு இல்ல." கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். "இது எனக்காக. என் கையை வெச்சு என் கூடப் பிறந்தவளை அழிச்சாரு இல்ல, அதுக்காக. அவருக்கு அது ஞாபகம்கூட இல்ல பார்த்தீங்களா?"

திரையில் மணி ஒன்று மெல்ல ஒலித்தது. புதிய புகார் வந்திருந்தது. கத்திரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அதைத் திறந்தாள். வாலு எட்டிப் பார்க்க முயன்றாள். கத்திரி திரையைச் சற்றே திருப்பிக்கொண்டாள்.

"யார் வீடு அக்கா?"

"சொல்லக் கூடாது," என்றாள் கத்திரி. எண்ணைத் தன் வழக்கப்படி ஒருமுறை சரிபார்த்தாள். அன்று முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "ஆனா பூஜ்யத்துலதான் ஆரம்பிக்குது."